முதலில் ஆயில் திரும்பும் வழி

சரோஜினி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கார்களுக்கு வெளிச்சந்தை டர்போ பொருத்தும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தில்லியின் சரோஜினி நகர், நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர், ஆர்.கே. புரம் என்று அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்து, சம்பாதிக்கத் தொடங்கியதும் காருக்கு டர்போ பொருத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மடல். உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்திரத்தைக் கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ளத் துடிக்கும் பிள்ளைகள் ஒரு சமூகத்துக்கு வேண்டும். கோவையில் கரிவரதன் பந்தயக் கார்களைக் கட்டத் தொடங்கியதும் அந்தத் துடிப்பில்தான். ஆனால் உங்கள் பேச்சில் எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட், இன்டர்கூலர் எந்த அளவு, ஈசியூ மேப்பிங்கை யாரிடம் கொடுப்பது என்று மாதக்கணக்கில் பேசுகிறீர்கள். டர்போவுக்கு ஆயில் போகும் ஹோஸும் அது சம்ப்புக்குத் திரும்பும் ஹோஸும் மட்டும் கடைசி நாளில், காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடையில் அன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அதை வைத்து முடிவாகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆயில் பாதையை முதலில் தீர்மானியுங்கள். அதிலும் ஆயில் திரும்பி இறங்கும் வழியை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்மானியுங்கள். டர்போ எங்கே உட்கார வேண்டும் என்பதையே அந்த வழிதான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. டர்போ இல்லாமல் ஆலையிலிருந்து வந்த பெட்ரோல் காருக்கு டர்போ பொருத்தி ரிங் ரோட்டில் ஓட்டுவதற்கு இந்த மடலிலிருந்து ஆதரவு தேடாதீர்கள். கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடம் போன்ற மூடிய தடங்களுக்காகக் கார் கட்டுகிறவர்களையும், பழைய டீசல் காரில் போய்விட்ட டர்போவுக்குப் பதிலாக அதே வகை வெளிச்சந்தை டர்போவை மாட்டுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இரண்டாமவர் தவறேதும் செய்யவில்லை. ஆனால் ஆயில் விஷயத்தில் இருவரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்.

டர்போவுக்குள் ஆயில் செய்யும் வேலையை எண்களில் பாருங்கள். சின்னக் காரின் டர்போ ஷாஃப்ட் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன் இருக்கும். அது நிமிடத்துக்கு 1,80,000 சுற்று, அதாவது நொடிக்கு 3,000 சுற்று சுழன்றால், அதன் மேற்பரப்பு மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பேரிங்கின் உள்முகத்தைக் கடந்து ஓடுகிறது. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியில் ஆயில் படலம் இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. சில நொடிகள் படலம் அறுந்தாலே தொடுகிறது, தொட்டால் தேய்கிறது, தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது, ஆடினால் கம்பிரஸர் சக்கரம் கூட்டின் சுவரை உரசுகிறது. படலமாக நிற்பதோடு ஆயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஷாஃப்ட்டின் ஒரு முனையில் பெட்ரோல் என்ஜினின் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை மோதுகிறது; அந்தச் சூட்டை நடுப்பகுதியிலிருந்து அள்ளிக்கொண்டு போவதும் ஆயில்தான். ஆகவே ஆயில் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. வந்தது சூட்டோடு விரைவாக வெளியேறி, அடுத்து வருவதற்கு இடம் விட வேண்டும்.

இங்கேதான் என் வாதத்தின் அச்சாணி இருக்கிறது. உள்ளே போகும் ஆயிலை என்ஜினின் ஆயில் பம்ப் தள்ளுகிறது. டர்போ வாயிலில் அந்த அழுத்தம் 45 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் ஆயிலைத் தள்ள யாருமில்லை. பேரிங்கைத் தாண்டியதும் அழுத்தம் முழுவதும் செலவாகிவிடுகிறது. மிச்சமிருப்பது புவியீர்ப்பு மட்டும். டர்போவின் கீழ்வாய்க்கும் சம்ப்பில் உள்ள துளைக்கும் நடுவே ஒரு சாண், அதாவது 20 செ.மீ. உயரம் இருந்தால், அந்த உயரத்து ஆயிலின் எடை தரும் அழுத்தம் கால் பி.எஸ்.ஐ. அளவுதான். உள்ளே தள்ளும் விசையில் இது 180-இல் ஒரு பங்கு. அதோடு இறங்கி வருவது தெளிந்த ஆயிலும் இல்லை. அதிவேக ஷாஃப்ட் கடைந்த காற்றும், சீல் வழியே கசிந்த புகையும் கலந்து நுரையாக வருகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும், ஓட்டமும் மந்தம். இவ்வளவு பலவீனமான விசையை நம்பி நடக்கும் ஒரு காரியத்துக்குத்தான் கையில் கிடைத்த ரப்பர் ஹோஸை மாட்டி, இடமில்லை என்று நடுவில் ஒரு வளைவும் கொடுக்கிறீர்கள். உள்ளே போகும் பக்கத்துக்கோ பளபளக்கும் எஃகுப் பின்னல் ஹோஸ், விலையுயர்ந்த ஃபிட்டிங். தானாகவே வலிமையாக இருக்கும் பக்கத்தில் செலவு செய்துவிட்டு, துணையில்லாத பக்கத்தைக் கைவிடுகிறோம்.

திரும்பும் வழி அடைபட்டால் முதலில் தெரிவது புகை. டர்போவின் இரு முனைகளிலும் இருப்பவை ரப்பர் ஆயில் சீல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். நிரம்பி நிற்கும் ஆயிலைத் தடுக்க அவற்றால் முடியாது. பேரிங் இருக்கும் நடுக்கூடு பெரும்பாலும் காலியாக இருக்கும், இரு முனைகளிலும் வாயு அழுத்தம் உள்நோக்கித் தள்ளும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டவை அவை. கீழே போக வழியில்லாமல் நடுக்கூட்டில் ஆயில் தேங்கினால், வளையங்களைத் தாண்டி ஒருபக்கம் எக்ஸாஸ்ட்டிலும் மறுபக்கம் இன்டேக்கிலும் வழிகிறது. சைலன்சரில் நீலப் புகை. உடனே மிஸ்திரி சொல்வது: ‘சீல் போச்சு, டர்போ டூப்ளிகேட்.’ புது டர்போ வாங்குகிறீர்கள்; அதே ஹோஸில் மாட்டுகிறீர்கள்; சில வாரங்களில் அதே புகை. சீன டர்போ என்றால் இப்படித்தான் என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறீர்கள். மலிவான டர்போக்களில் தரக்குறைவு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தரத்து டர்போவும் தேங்கிய ஆயிலில் நின்றால் புகைக்கும். 1982-இல் தொடங்கிய சென்னையின் டர்போ எனர்ஜி நிறுவனம் பையனூரிலும் புலிவலத்திலும் செய்கிறவையும் இதற்கு விலக்கல்ல. புகை வந்ததும் டர்போவைக் கழற்றாதீர்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, ஒரு சுத்தமான பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள். ஐட்லிங்கில் சில நிமிடம் மட்டும், ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே. புகை அடங்கினால் டர்போமீது குற்றமில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஹோஸ் சரியாக இருந்தும் ஆயில் இறங்காமல் போகலாம். கால் பி.எஸ்.ஐ. என்ற அந்த எண்ணை மறக்காதீர்கள். சம்ப் என்பது கிராங்க் கேஸின் அடிப்பகுதி. பூஸ்ட் ஏறும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க் கேஸை நிரப்புகிறது. டர்போ இல்லாமல் பிறந்த என்ஜினின் பிரீதர், அந்த என்ஜினின் கசிவுக்குத் தக்கதாகவே இருக்கும். பூஸ்ட் போட்ட பின் அது போதாமல் போய், கிராங்க் கேஸில் கால் பி.எஸ்.ஐ. அழுத்தம் சேர்ந்துவிட்டால், இறங்க வேண்டிய ஆயிலை அதே அளவு விசை கீழிருந்து மேலே தள்ளுகிறது. இறக்கம் நின்றுவிடும். இதை அளக்கக் குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு கேஜும், டிப்ஸ்டிக் குழாயில் சொருக ஒரு ஹோஸும் போதும். பிரீதர் வழிகளைப் பெரிதாக்கி, ஆயிலைப் பிரிக்கும் தடுப்புகள் கொண்ட கேட்ச் கேன் வைப்பது டர்போ வேலையின் உள்ளேயே அடங்க வேண்டியது. தில்லிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. மே மாதத்துப் புழுதிக்காற்றில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடுகிறது. அடைபட்ட ஃபில்டருக்குப் பின்னால் கம்பிரஸர் சக்கரம் உறிஞ்சும்போது அங்கே வெற்றழுத்தம் கூடி, கம்பிரஸர் பக்கத்து வளையத்தைத் தாண்டி ஆயிலை இழுக்கிறது. நடுக்கூட்டில் கொஞ்சம் தேக்கமும் இருந்துவிட்டால் இன்டர்கூலர் முழுக்க ஆயில்தான். கோடை முடிவதற்குள் ஒருமுறையாவது ஃபில்டரை மாற்றுங்கள்.

அப்படியானால் திரும்பும் வழி எப்படி இருக்க வேண்டும்? உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம். கிட் விற்பவர்கள் 10 ஏஎன் என்று சொல்லும் அளவு. இடம் இருந்தால் அதைவிடப் பெரிதாக வையுங்கள், பெரிதாவதால் கெடுவது ஒன்றுமில்லை. டர்போவின் கீழ்வாய் நேர்கீழாக நிற்பது சிறப்பு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது டர்போ தயாரிக்கும் கேரட் நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த வாயிலிருந்து சம்ப் வரை ஹோஸ் ஓயாமல் இறங்கிக்கொண்டே வர வேண்டும். எங்காவது தாழ்ந்து மறுபடி ஏறினால் அந்தத் தாழ்வில் ஆயில் தங்கி, கழிவறைக் குழாயின் வளைவில் நீர் நிற்பதுபோல வழியை அடைத்து நிற்கும். சம்ப்பில் துளை, நிறைந்த ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே இருந்தால் இறங்கும் ஆயில் அங்கே தேங்கிய ஆயிலைத் தள்ளிக்கொண்டு போராடும். கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலை வாரி இறைக்கும் பக்கத்தில் துளை அமைந்தால் அதுவும் தடைதான். இத்தனையும் சேர்ந்தால் டர்போ எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தானாகவே விளங்கிவிடும். மேனிஃபோல்டை வெல்டிங் செய்யும் முன்பே, அட்டையும் கம்பியும் கொண்டு இந்த வழியை என்ஜின் அறைக்குள் வைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டு செய்து முடித்த பிறகு வழி தேடினால், உயரம் போதாது என்று தெரியும்போது திரும்ப முடியாது.

சம்ப்பை இறக்கித் துளை போட வேண்டுமா, அதற்கு ஒரு நாள் கூலி போகுமே என்று கேட்பீர்கள். காரில் இருக்கும்போதே, ட்ரில் பிட்டில் கிரீஸ் தடவி, தூள் உள்ளே விழாமல் துளை போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கிரீஸ் பெரும்பாலான தூளைப் பிடிக்கும்; எல்லாவற்றையும் பிடிக்காது. மிஞ்சிய உலோகத் துகள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சுவாய்க்கு ஓரிரு அங்குலம் தள்ளியே விழுகிறது. சம்ப்பை இறக்கி, துளையிட்டு, அதற்கேற்ற ஃபிட்டிங்கை வெல்டிங் செய்து, நன்றாகக் கழுவி மாட்டுவதுதான் வேலை. கூலி நாள் ஒன்று கூடுகிறது. அதை மிச்சம் பிடிக்க இந்த இடம் ஏற்றதல்ல. இடநெருக்கடியால் டர்போ சம்ப் மட்டத்துக்கே தாழ்ந்துபோனால், ஆயிலை உறிஞ்சித் திருப்பும் தனிப் பம்ப் வைக்கலாம். ஆனால் அந்தப் பம்ப் நின்றால் நடுக்கூடு சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பம்ப் ஓடுகிறதா என்று டேஷ்போர்டில் காட்டும் எச்சரிக்கை விளக்கு இல்லாமல் அந்த ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். முடிந்தவரை டர்போவை உயர்த்துங்கள். புவியீர்ப்புக்கு ஃபியூஸ் போவதில்லை.

ஆயில் உள்ளே போகும் பக்கத்தைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும், ஆனால் ஒரு தவறு மட்டும் பெரிது. டர்போக்களில் இரண்டு வகை: சாதாரண ஜர்னல் பேரிங் உள்ளவை, பால் பேரிங் உள்ளவை. பால் பேரிங் வகைக்கு ஆயில் குறைவாகப் போதும், அதிகமானால் தேங்கும். ஆகவே வாயிலில் சிறு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைக்கிறார்கள். என்ஜின் உச்ச வேகத்தில் டர்போ வாயிலில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் 0.040 அங்குலம், ஏறக்குறைய 1 மி.மீ., துளை சரியாக வரும், வைத்த பின் அளந்து பார்க்க வேண்டும் என்கிறது கேரட். ஜர்னல் பேரிங் வகை அப்படியல்ல. அதன் படலமே தாராளமான ஓட்டத்தால் நிற்பது. இந்த வேறுபாட்டை அறியாமல், புகை வருகிறதா, ரெஸ்ட்ரிக்டர் போடு என்பது பட்டறைகளில் பொது மருந்தாகிவிட்டது. புகை உண்மையிலேயே நின்றும் போகும். ஏன் நிற்கிறது என்று யோசியுங்கள். இறங்கும் வழி சுமக்கக்கூடிய அளவுக்கு உள்ளே வருவதை நறுக்கிவிட்டீர்கள். தேக்கம் இல்லை, புகையும் இல்லை. ஆனால் பேரிங்குக்கு வேண்டிய ஆயிலும் இல்லை, சூட்டை அள்ளிப் போகும் ஓட்டமும் இல்லை. நோயை விட்டுவிட்டு அதன் அறிகுறியை மட்டும் அடக்கியிருக்கிறீர்கள். டர்போ புகையில்லாமல் தேய்ந்து, ஒருநாள் சத்தத்தோடு நிற்கும். ரிட்டர்னைச் சரிசெய்து, கிராங்க் கேஸ் அழுத்தத்தைச் சரிசெய்து, அதன் பிறகும் வாயில் அழுத்தம் மிக அதிகம் என்று கேஜ் காட்டினால் மட்டுமே ஜர்னல் பேரிங் டர்போவுக்கு ரெஸ்ட்ரிக்டரைப் பற்றி யோசியுங்கள்.

ஆயிலை எங்கிருந்து எடுப்பது? ஆயில் பிரஷர் சென்ஸர் இருக்கும் துளையில் டி-ஜாயின்ட் போடலாம், அல்லது ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் வைக்கலாம். எப்படியும் ஃபில்டரைக் கடந்து வந்த ஆயிலாக இருக்க வேண்டும். திரெட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் ஒரு இழை பிய்ந்து போய் 1 மி.மீ. துளையில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. ஃபிளாஞ்சில் சிலிகான் பசை தடவுவதும் அப்படித்தான், பிதுங்கிய பசை ஆயிலோடு உள்ளே போகும். செம்பு வாஷரும் சரியான கேஸ்கெட்டும் போதும்.

கூடுதல் பாதுகாப்பு என்று ஃபீட் லைனில் தனியாக ஒரு நுண்வலை வடிகட்டி வைக்கிறார்கள். நல்ல யோசனைபோலத் தெரியும். பெரிய நிறுவனங்களே இதைச் செய்து பட்டிருக்கின்றன. பெஷோவும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் டீசல் என்ஜினில், டர்போவுக்கு ஆயில் போகும் பேஞ்சோ போல்ட்டில் சின்ன வலை இருந்தது. ஆயில் மாற்றுவது தள்ளிப்போன கார்களில் கரிப்பிசின் அந்த வலையை அடைத்தது. டர்போ ஆயிலில்லாமல் போனது. வலையையும் சம்ப்பையும் சுத்தம் செய்யாமல் புது டர்போ மாட்டியவர்களுக்குப் புதியதும் விரைவில் போனது. சுபாரு லெகசி டர்போ கார்களிலும் யூனியன் போல்ட் வலைக்கு இதே கெட்ட பெயர் உண்டு. உங்களில் டீசல் டர்போ மாற்றுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: டர்போவோடு ஃபீட் பைப்பையும் பேஞ்சோ போல்ட்டையும் வாஷர்களையும் புதிதாக வாங்குங்கள், சம்ப்பை இறக்கிக் கழுவுங்கள், ஆயில் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய டர்போ செத்ததற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பைப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

இனி தில்லியின் வானிலை. சரோஜினி நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 காலை 1.1 டிகிரி பதிவானது. 2024 மே 29 அன்று 46.8 டிகிரி. ஒரே கார், ஒரே ஹோஸ், ஒரே துளை இந்த இரண்டையும் தாங்க வேண்டும். நாற்பது என்று முடியும் தர ஆயிலுக்கு 100 டிகிரியில் பாகுத்தன்மை 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் நடுவே இருக்கும். 40 டிகிரியிலேயே அது ஏறக்குறைய ஆறு மடங்கு. உறைபனிக்கு அருகில் இன்னும் பல மடங்கு. ஜனவரி காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், கூழான ஆயில் இறங்க மறுக்கும். குறுகிய ரிட்டர்ன் உள்ள கார் அந்தச் சில நிமிடங்கள் புகைக்கும். மே மாதப் பிற்பகலில் அதே ஆயில் மெலிந்து, ஐட்லிங்கில் அழுத்தம் குறைந்து, ஃபீட் பக்கம் சோதனைக்கு வரும். ஆகவே ஒருமுறை அளந்து முடித்துவிடாதீர்கள். டர்போ வாயிலில் ஒரு கேஜ் வைத்து, குளிர் ஸ்டார்ட்டிலும், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஐட்லிங்கிலும் எழுதி வையுங்கள். ஆயில் தேர்வில் பெரியவர்கள் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். சூட்டில் கெட்டியாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் தில்லியின் குளிர்காலக் காலையில் அது டர்போ வரை வந்து சேரவே தாமதமாகும், திரும்பவும் தாமதமாகும். மறுமுனையில், இன்றைய சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்குக் கையேடு சொல்லும் 0டபிள்யூ-20, டர்போவின் சூட்டுக்கு மெலிந்தது. அதிக சூட்டிலும் உராய்விலும் 20 தரத்துக்குப் பாகுத்தன்மை குறைந்தபட்சம் 2.6 மில்லிபாஸ்கல்-நொடி இருந்தால் போதும். 5டபிள்யூ-40 என்றால் 3.5 வேண்டும். பெரும்பாலான தடக் கார்களுக்கு நல்ல சிந்தெட்டிக் 5டபிள்யூ-40 நடுவழி. சம்ப்பில் மூன்று சொச்சம் லிட்டரே உள்ள என்ஜினில் அதை 5,000 கி.மீ.க்கு முன்பே மாற்றிவிடுங்கள். தடத்தில் ஓட்டினால் இன்னும் முன்பாக.

‘டீசல் கார்களில் ஒரு பைப் போகிறது, ஒரு பைப் வருகிறது, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடவில்லையா?’ என்ற கேள்வி நியாயமானது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்ஜின் 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்ததிலிருந்து நாடு முழுக்க அப்படித்தான் ஓடியது. ஆனால் டீசல் புகையின் சூடு பெட்ரோலைவிடக் குறைவு. அந்த பைப்புகளின் அளவும் சரிவும் ஆலையில் சோதித்து முடிவானவை. நீங்கள் பொருத்துவது பெட்ரோல் காரில், உங்கள் கணக்கில். பெட்ரோலுக்கு என்று வடிவமைத்தவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று பாருங்கள்: ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஐ என்ஜின்களில், சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் ஒரு மின்சாரப் பம்ப் டர்போவின் வழியே கூலன்ட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். காரணம், என்ஜின் நின்றதும் ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது, ஆனால் டர்பைன் கூட்டின் சூடு நடுக்கூட்டுக்கு ஏறத் தொடங்குகிறது. அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. சனிக்கிழமை மாலையில் சரோஜினி நகர் மார்க்கெட்டைச் சுற்றி ஊர்ந்து ஊர்ந்து வந்து, இடம் கிடைத்ததும் உடனே நிறுத்தும் டீசல் காருக்கும் இது கொஞ்சம் நடக்கும். தடத்தில் முழு வேகச் சுற்று முடித்து நேராக பிட்டில் நிறுத்தும் பெட்ரோல் காருக்குக் கடுமையாக நடக்கும். டர்போ டைமர் வைத்தால் போதாதா? அது என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிடுகிறது, உதவிதான். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுவது அதைவிட நல்ல உதவி. ஆனால் நடுக்கூட்டுக்குக் கூலன்ட் வழி உள்ள டர்போவை வாங்கி, அதன் கூலன்ட் ஹோஸ்களை நின்ற பிறகும் சூட்டால் தானே சுழலும்படி, டர்போவிலிருந்து மேல்நோக்கி ஏறிப்போகும்படி அமைப்பதற்கு டைமர் ஈடாகாது. கூலன்ட் துளைகளை பிளக் போட்டு அடைத்துவிட்டு ஆயிலை மட்டும் நம்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தீ. ரிட்டர்ன் ஹோஸ் டர்பைன் கூட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் போகிறது. அதற்கு சாதாரண பெட்ரோல் ரப்பர் ஹோஸைப் போட்டு, திருகு கிளாம்ப்பால் இறுக்கினால், சில மாதங்களில் அது காய்ந்து விரியும். சிவந்த உலோகத்தில் ஆயில் சொட்டினால் பற்றிக்கொள்ளும். நம் குடியிருப்புகளில் கார்கள் பம்பரோடு பம்பர் ஒட்டி, மரத்தடியில், மாடிப்படிக்குக் கீழே நிற்கின்றன. ஆயிலுக்கும் சூட்டுக்கும் ஏற்ற ஹோஸ், அதன்மேல் வெப்ப உறை, டர்பைனுக்கும் ஹோஸுக்கும் நடுவே ஒரு உலோகத் தகடு, காருக்குள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான். இதில் ஒன்றைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மாட்டிய டர்போ காய்ந்திருக்கும். ஃபீட் வாயில் சுத்தமான என்ஜின் ஆயிலை ஊற்றி, கம்பிரஸர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இக்னிஷனும் வேலை செய்யாதபடி செய்து, ஸ்டார்ட்டரைச் சில நொடிகளாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். ரிட்டர்ன் ஹோஸின் சம்ப் முனையைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டிருங்கள். ஃபீட்டில் அழுத்தம் ஏறுவதையும் பாட்டிலில் ஆயில் தடையில்லாமல் விழுவதையும் கண்ணால் பார்த்த பிறகே அதைச் சம்ப்பில் மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே விட்டு, எல்லா ஜாயின்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூஸ்ட் அன்றைக்கு வேண்டாம். என்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஹோஸும் டர்போவும் குடித்த ஆயிலுக்கு ஈடாக ஊற்றிக்கொண்டு, மறுநாள் குளிர்ந்த காலையில் மறுபடி ஸ்டார்ட் செய்து, முதல் ஐந்து நிமிடம் சைலன்சரையும் கேஜையும் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒருவர்